மக்பெத்தின் இரவல் உடையும் வடமோடி வீரனின் கரப்புடுப்பும்

சேக்ஸ்பியர் மட்டக்களப்புப் பிரதேசத்துக்குப் புதியவரல்லர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணியில் அவருடைய 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கண நோக்கில் ஆராய்ந்தார். அவ்வாய்வு சுவையையும் அமைப்பையும் விளக்கியது. அதன் தொடர்ச்சியாக நாம் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம்: மக்பெத் நாடகத்திற் போர்வீரனைப் படைக்கும் மொழி எவருடைய மொழி?

மக்பெத் அரங்கிற்கு வருமுன்னரே அவன் புகழ் வந்துவிடுகிறது. முதல் அங்கத்தின் இரண்டாங் காட்சியில், குருதி வடிய நிற்கும் படைத்தலைவன் ஒருவன் மன்னன் டங்கனுக்குப் போர்ச் செய்தி கூறுகிறான். புகையும் வாள், கொப்பூழிலிருந்து தாடைவரை பிளக்கப்பட்ட பகைவன், சிட்டுக்குருவிக்கு அஞ்சாத கழுகு எனப் படிமங்கள் அடுக்கப்படுகின்றன. இதனைக் கேட்ட மன்னன் அருவருப்படையவில்லை. உறவுமுறை சொல்லி வீரனைப் போற்றுகிறான். நிலப்பிரபுத்துவ அமைப்பில் வீரன் குருதியை அளிக்கிறான். மன்னன் பட்டத்தை அளிக்கிறான். பின்னர் அதே கை அம்மன்னனைக் கொன்றதும், கடல்நீராலும் கழுவ முடியாத கறையாகக் குருதி மாறுகிறது. உறங்கும் விருந்தினனைக் கொல்வதும் களத்திற் பகைவனைக் கொல்வதும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் கொலையே மேன்மைக்கு வழி என்பதை மக்பெத்துக்குக் கற்பித்தவை களமும் அதனைப் போற்றிய மொழியுமாகும். இத்துன்பியலைத் தனிமனிதப் பேராசையின் கதையாக மட்டுமே காணும் திறனாய்வு இதனைத் தவறவிடுகிறது.

ஆடைப் படிமமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. கோடர் பட்டம் தனக்குக் கிடைத்ததெனக் கேட்டதும், தனக்கு ஏன் இரவல் உடை அணிவிக்கிறீர்கள் என மக்பெத் வினவுகிறான். இறுதி அங்கத்தில் அவன் இராட்சதனின் அங்கியை அணிந்த குள்ளத் திருடனுக்கு ஒப்பிடப்படுகிறான். சேக்ஸ்பியரின் படிமங்களை ஆராய்ந்து 1935இல் நூல் வெளியிட்ட கரோலின் ஸ்பர்ஜன், பொருந்தா உடையில் மக்பெத்தின் சிறுமையைக் கண்டார். ஆனால் கோடர் பட்டம் துரோகியெனத் தண்டிக்கப்பட்டவனிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தவனும் வழங்கியவனும் மன்னனே. இவ்வமைப்பில் எல்லாப் பட்டங்களும் இரவல் உடைகளே என்பதை ஸ்பர்ஜனின் விளக்கம் கருத்திற் கொள்ளவில்லை.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலும் வீரன் வரவைப் பிறர் பாடுகின்றனர். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் புகழை எடுத்துரைக்க, அவன் வட்டக்களரியில் ஆடி வருகிறான். பின்னர் தன் பெருமையைத் தானே பாடுகிறான். இங்கே புகழுக்கும் பாத்திரத்துக்கும் இடையே விரிசல் இல்லை. மக்பெத்திலோ, அவன் பேசும் முதல் வசனமே சூனியக்காரிகளின் சொற்களை எதிரொலித்து விரிசலைக் காட்டிவிடுகிறது. எனினும் களரியில் வேறொரு விரிசல் உண்டு. பாரங்கூடிய கரப்புடுப்பையும் கிரீடத்தையும் சுமந்து மன்னனாக ஆடியவன், பகலிற் போடியாரின் வயலில் உழைத்தவனாகவும் இருந்தான். விடிந்ததும் உடை களையப்படும். மக்பெத்துக்கு உருவகமாயிருந்த இரவல் உடை படுவான்கரை உழைப்பாளிக்கு நேரடி அனுபவமாயிற்று.

1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரித்த, சி. மௌனகுரு எழுதிய இராவணேசன், இவ்விரு மரபுகளும் சந்தித்த இடமெனலாம். வடமோடியின் ஆட்டத்தையும் தருவையும் கொண்டே, அகப்போராட்டம் நிறைந்த துன்பியல் நாயகனாக இராவணன் படைக்கப்பட்டான். புகழ்பாடும் வடிவத்தினுள் ஐயம் புகுந்தமை பெருஞ்சாதனையே. ஆயினும் துன்பியலின் கனதி முழுவதும் மன்னனின் நெஞ்சிலேயே தங்கியது. மக்பெத்திலும் நிலை இதுவே. குருதி வடிய நின்ற அப்படைத்தலைவனுக்குப் பெயரில்லை. மருத்துவரிடம் அனுப்பப்பட்டபின் அவன் மீண்டும் அரங்கிற்கு வருவதுமில்லை.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் வீரப்புகழின் விலையை வாவியின் இருகரை மக்களும் அறிந்துகொண்டனர். ஆகவே இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. கூத்தை நிலப்பிரபுத்துவ எச்சமெனக் கைவிடுவதும், மாற்றக்கூடாத புனிதப்பொருளெனப் பூசிப்பதும் நமக்கு உடன்பாடானவை அல்ல. வரவுப்பாட்டை எவர், எவருக்காகப் பாடுகிறார் என்பதைப் புதிய கூத்துகளை ஆக்குவோர் சிந்திக்க வேண்டும். பெயரற்ற அப்படைவீரனுக்கும் களரியில் ஒரு வரவு அமையவேண்டும். அவன் சொல்லப்போவது மன்னனின் புகழாக இருக்க வேண்டியதில்லை.