சங்குக் கொடி சொன்ன சேதி

கொடி என்பது வெறும் துணிதானே என்பார் உண்டு. துணிதான்! ஆயினும், “இந்த நாடு எவருக்குச் சொந்தம்?” என்ற கேள்விக்கு ஓர் அரசு பறக்கவிடும் விடையும் அதுவே. எனவே, கொடியைக் கும்பிடுவதற்கு முன் அதைப் படித்துப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை என்போம்.

நாஞ்சில் நாட்டுக் கொட்டாரம், பெயரிலேயே அரண்மனையைத் தாங்கிய ஊர். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்குமுன், 1949 வரை திருவிதாங்கூர் மன்னராட்சியிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலும் இவ்வூர் இருந்தது. மன்னரின் கொடி செந்நிறம். நடுவே வலம்புரிச் சங்கு. 1888-இல் வெளிவந்த அஞ்சல் தலையிலும் அதே சங்கு!

கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் உழைப்பாளியை நினைத்தா அதைப் பொறித்தார்கள்? இல்லை. அது திருமாலின் கைச்சங்கு. 1750-இல் மார்த்தாண்ட வர்மர், தாம் வாளால் வென்று சேர்த்த நாட்டைப் பத்மநாபசுவாமியின் திருவடியில் வைத்து, ‘பத்மநாபதாசர்’ எனப் பெயர் பூண்டார். என்னே அடக்கம் என்று வியப்பவர் இன்றும் உளர். நாம் வியக்கவில்லை. நாடு ஆண்டவன் உடைமையானபின், வரி கொடுப்பவன் எவரிடம் கணக்குக் கேட்பான்? எதிர்த்தவன் அரசத் துரோகி மட்டுமா? தெய்வத் துரோகியும் ஆனான்! வாள் வென்றதை வைதிகம் பூட்டி வைத்தது.

அந்தப் பூட்டுக்குள் நடந்தவற்றை வரலாறு மறைக்கவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தவும் 1859-இல் அரச ஆணை தேவைப்பட்டது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை! 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமை கேட்ட பெரியாரைச் சிறையிலிட்டதும் அச்சங்குக் கொடியின் அரசே. கோயிற் கதவு திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பேச்சிப்பாறை அணையை அவ்வரசு கட்டவில்லையா என்று கேட்பர். கட்டியது, நாஞ்சில் வயல்கள் அந்நீரால் விளைகின்றன. மறுக்கவில்லை. ஆனால், கல் சுமந்த தோளும் நாற்று நட்ட கையும் அந்தக் கொடியில் எங்கே? ஏர் எங்கே? கதிர் எங்கே?

ஏரைக் கொடியில் ஏற்ற முடியுமா என்று நகைக்க வேண்டாம். 1952-இல் காச்மீரத்து அரசியல் நிர்ணய சபை, செந்நிறக் கொடியில் உழவனின் கலப்பையைப் பொறித்தது. அருகே, மூன்று பகுதிகளைக் குறிக்க மூன்று கோடுகள். 2019 வரை அக்கொடி பறந்தது. அங்கே பரம்பரை மன்னராட்சி போயிற்று, கலப்பை வந்தது. இதுவன்றோ மாற்றம்!

தமிழகத்துக்கும் தனிக் கொடி வேண்டுமென 1970-இல் முதலமைச்சர் கலைஞர் கோரினார். மாநிலத்தின் தன்மானத்தைக் கேட்ட அக்கோரிக்கை நியாயமானது. ஆனால், அவர் காட்டிய மாதிரியில் மூவண்ணக் கொடியோடு இடம்பெற்றது கோபுரம் பொறித்த அரசு முத்திரை. சங்கை அளந்த கோலால் கோபுரத்தையும் அளப்பதே நேர்மை. கலையின் சின்னம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால், நீண்ட காலம் அக்கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் அதை எப்படிப் படிப்பான்?

தோழர்களே! மாநிலக் கொடி கேட்பது உரிமை. அந்த உரிமை கைக்கு வரும் நாளில், கொட்டாரத்து வயலில் சேற்றில் நிற்பவன் நிமிர்ந்து பார்த்து, “இது என்னுடையது” என்று சொல்லக்கூடிய சின்னம் அதில் இருக்கட்டும்.