சொல்லும் துண்டும்

தமிழனுக்கு மேலதிகாரியைச் சமமானவனாகக் காணத் தெரியாது. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று படிக்கட்டு வைத்த மொழி அவனை அப்படிப் பழக்கிவிட்டது என்றொரு வாதம் நம்மவர் மத்தியில் உலவுகிறது. ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்து, இப்போது ஷார்ஜாவில் தொழிற்சாலையொன்றில் பொதி கட்டுபவன் என்ற வகையில் இதை மறுக்கவேண்டியுள்ளது.

வளைகுடாவின் பேச்சு அரபியில் முதலாளிக்கும் கூலிக்கும் முன்னிலைச் சொல் ஒன்றுதான்: 'இன்த்தா'. படிக்கட்டு இல்லை. சமத்துவமும் இல்லை. முதலாளி இங்கே 'அர்பாப்'. அரபியில் அது எசமானர்களைக் குறிக்கும் பன்மைச் சொல்.

இதற்கு நம்மிடமே பழைய சான்று உண்டு. மலையகத்தில் கங்காணியின் பிடி அவன் பெயரில் இருக்கவில்லை; தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டில்' இருந்தது. அக்கடன் தீர்க்கப்படாமல் அவன் வேறு தோட்டம் போகமுடியாது. 1921இல் துண்டு தடைசெய்யப்பட்டது. கங்காணி என்ற சொல் நிலைத்தது. கத்தாரில் நடந்தது மறுதலை. 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 'கபீல்' என்ற சொல்லைக் கைவிட்டது. ஒப்பந்தக் காலத்துள் வேலைமாற முதலாளியின் சம்மதம் வேண்டுமென்ற விதியோ 2020 வரை நீடித்தது.

மொழிக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் கட்சி. தமிழ் சுப்பவைசரை நேரில் 'ஐயா' என்பவன், அறைக்கு வந்ததும் 'அவன்' என்கிறான். இரண்டும் தமிழே. பணிவை மட்டும் பொறுக்கியெடுத்து மொழியின் இயல்பு என்பது, அறைப் பேச்சைக் கேளாதவர்களின் ஆராய்ச்சி. தலைமை பற்றி எழுத விரும்புவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொழிலாளி வேலையை விட்டுப்போக யாருடைய கையெழுத்து வேண்டும்?