தரவரிசைக்குள் தெரியாத வகுப்பறை

பிளஸ் டூ முடிவு வந்ததும், நிதித்துறைக்குப் போக விரும்பும் மாணவர்களின் வீடுகளில் தேடப்படுவது என்.ஐ.ஆர்.எஃப் பட்டியல். மத்திய அரசின் இந்தத் தரவரிசையில் 2017 முதல் கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு வெளியாகிறது. அதில் மேலே இருக்கும் கல்லூரியில் பி.காம் இடம் கிடைத்துவிட்டால் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம்.

கல்லூரிகள் இந்தத் தரவரிசைக்குத் தரும் விவரங்களில், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. இடைநிலைச் சம்பளமும் இருக்கிறது. விளம்பரப் பலகை ஒரே ஒரு மாணவர் வாங்கிய உச்சச் சம்பளத்தைக் காட்டும். இடைநிலைச் சம்பளமோ வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லாத குடும்பத்துக்கு இது பெரிய துணை.

ஆனால் கல்லூரிப் பிரிவின் தரவரிசை கல்லூரி முழுவதற்குமானது. வேதியியல் துறையின் ஆய்வுக் கட்டுரைகளும் கல்லூரியை மேலே ஏற்றும். பி.காம் வகுப்பில் காஸ்ட் அக்கவுன்டிங் நடத்துபவர் யார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய மறைப்பு ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் பல கல்லூரிகளில், ஒரே வாசலுக்குள் எய்டெட் என்றும் செல்ஃப் ஃபைனான்ஸ் என்றும் இரண்டு பிரிவுகள் நடக்கின்றன. பொது பி.காம் பெரும்பாலும் முதல் பிரிவில் இருக்கும். ‘அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ்’ போன்ற புதுப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டாவதில். எய்டெட் ஆசிரியருக்கு அரசு சம்பளம். மற்றவருக்கு நிர்வாகம் தருவதுதான், அது பல இடங்களில் மிகக் குறைவு. அந்த ஆசிரியர் வேறு வேலை தேடிப் போனால், இழப்பு மாணவருக்கு. கட்டணமோ செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம்தான் அதிகம். பெயர்ப் பலகையும் தரவரிசையும் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. படிப்பின் பெயரில் ‘ஃபைனான்ஸ்’ இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோரை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

ஏ.சி.சி.ஏ என்ற வெளிநாட்டுக் கணக்காளர் தகுதியைச் சேர்த்து நடத்தும் பி.காம் படிப்புகளையும் நிதானித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைகளுக்கு அந்தத் தகுதி பயன்படும். இந்தியாவில் நிறுவனத் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட, 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பட்டயக் கணக்காளர் தகுதியான சி.ஏ.தான் வேண்டும். சேர்க்கை மேசையில் இதைத் தாமாகச் சொல்பவர்கள் குறைவு.

சி.ஏ. எழுத நினைப்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் ஷிஃப்ட், அதாவது வகுப்பு நடக்கும் நேரம். 2023இல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற செய்முறைப் பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. ஆனால் சி.ஏ.வின் இடைநிலைத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே அதைத் தொடங்க முடியும். ஆகவே பட்டப்படிப்பு ஆண்டுகளிலேயே தினமும் சில மணி நேரம் அந்தத் தேர்வுக்கு ஒதுக்கியாக வேண்டும். மதியத்தோடு வகுப்பு முடியும் கல்லூரி அந்த நேரத்தைத் தருகிறது. வருகைப்பதிவுக்காக மாலைவரை உட்கார வைக்கும் கல்லூரி, பட்டியலில் எங்கே இருந்தாலும், அதைப் பறிக்கிறது. பட்டியலில் முப்பது இடம் கீழே இருந்தாலும், வீட்டுக்குப் பக்கத்தில் காலை ஷிஃப்ட்டில் எய்டெட் பி.காம் கிடைக்குமானால், சி.ஏ. கனவுள்ள மாணவருக்கு நான் அதையே சொல்வேன்.