அப்பத்தா சொன்னதும் நான் எழுதினதும்

2022ஆம் வருஷம், தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செம்மண் காட்டுக்குள் ஒரு கிராமத்துக் கோயில் வளாகம். ஊர்ப்பெயர் இங்கே வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 அக்டோபரில் உலகம் பூராவும் தொடங்கிவைத்த ஆயர் மாமன்றத்துக்கான கருத்துக் கேட்பு அன்றைக்கு அங்கே நடந்தது. பொதுநிலையினர் பேச வேண்டும், திருச்சபை கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. ஜனங்கள் அன்பியம் அன்பியமாக உட்கார்ந்திருந்தார்கள். பேசுவதை எழுதிக்கொள்ள டவுனிலிருந்து ஓர் ஆள் போயிருந்தான். அந்த ஆள் நான்.

எழுபது வயசு தாண்டிய ஓர் அப்பத்தா எந்திரிச்சாங்க.

"சப்பரம் எங்க தெரு முக்கு வரைக்கும் வருது. அப்பறம் திரும்பிருது. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏய்யா, மாதாவுக்குக்கூட எங்க தெரு ஆகாதா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் எழுதினேன்: திருவிழா ஊர்வலங்களில் அனைத்துப் பகுதி மக்களின் பங்கேற்பும் மேலும் வளர வேண்டியுள்ளது.

கிளம்பும்போது அப்பத்தா கையைப் பிடிச்சு, "நாஞ் சொன்னத எழுதிட்டியாப்பா?" என்று கேட்டாங்க. "எழுதிட்டேன் அப்பத்தா" என்றேன்.

பொய் சொன்னேன். நானும் சேரியில் பிறந்தவன்தான். எங்க தெருவுக்கும் சப்பரம் வந்ததில்லை. அன்றைக்கு எந்தச் சாமியாரும் என் பேனாவைப் பிடித்துத் திருப்பவில்லை. சாமியார் பள்ளிக்கூடத்தில் 'நல்ல தமிழ்' படித்த கை. அது தானாகவே அப்படி எழுதியது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இங்கே சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலித் கத்தோலிக்கர்கள் திருச்சபையிடம் என்ன கேட்கிறோம் என்று நிறையப் பேசியாயிற்று. எந்த மொழியில் கேட்கிறோம், கேட்டதை யார் எழுதுகிறார்கள் என்று பேசினது குறைவு.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (1962–65) முடிந்த பிறகு லத்தீன் போய்த் தமிழ் வந்தது. எந்தத் தமிழ் வந்தது? 'சர்வேசுரன்' கடவுளானார், 'அர்ச்சியசிஷ்டர்' புனிதரானார், பூசை திருப்பலியானது. முன்னே சமஸ்கிருதம் கலந்த தமிழ், பின்னே தூய தமிழ். இரண்டுமே சேரிக்கு மேலே நின்று பேசிய தமிழ்தான். அப்பத்தா இன்றைக்கும் பூசைக்குத்தான் போகிறார்.

அந்தச் சங்கத்தின் ஆவணமே மனிதருக்குள் பாகுபாடு காட்டுவது கடவுளின் திட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. தமிழக ஆயர்கள் தொண்ணூறுகளில் தலித் கத்தோலிக்கர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 2003 நவம்பர் 10ஆம் தேதி. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 17ஆம் தேதி, ரோமாபுரிக்குப் போன தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிர்ச்சாட்சி என்று முகத்துக்கு நேரே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது.

காகிதத்துக்குக் குறைச்சலில்லை. இடையில் 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். நாம் எந்த மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தோமோ, அந்தத் திருச்சியின் மேலப்புதூர்க் கல்லறையில் செத்த பிறகும் தலித்தைப் பிரித்து வைக்கச் சுவர் கட்டியிருந்தார்கள்.

ஆவணங்களின் வாக்கிய அமைப்பைப் பாருங்கள். 'பாகுபாடுகள் களையப்பட வேண்டும்', 'பங்கேற்பு ஊக்குவிக்கப்பட வேண்டும்.' களைய வேண்டியவன் யார்? பாகுபாடு காட்டியவன் யார்? எழுவாயே கிடையாது. சப்பரத்தைத் திருப்பின தோள்கள் அந்த வாக்கியத்தில் இல்லை. திரும்பிப் போறதைப் பாத்துக்கிட்டு நின்ன கிழவியும் இல்லை. நான் எழுதினதும் இதே ஜாதி வாக்கியம்தான்.

இந்த இடத்தில்தான் பாமாவின் 'கருக்கு' நமக்கு வேறொரு புத்தகமாகிறது. அது வந்தது 1992இல். மதுரையில் சேசு சபையார் நடத்திய 'ஐடியாஸ்' மையம் வெளியிட்டது. அதே வருஷம் அதே மையத்திலிருந்துதான் அந்தோணி ராஜ் அடிகளாரின், தமிழகத்துத் தலித் கிறிஸ்தவர்கள் படும் பாகுபாடு பற்றிய ஆய்வும் வந்தது. ஒன்று கணக்கெடுத்துச் சொன்னது. மற்றது வாழ்ந்து சொன்னது. இரண்டும் திருச்சபைக்குள்ளிருந்தே வந்தன என்பதையும் மறைக்கக்கூடாது.

இலக்கியக்காரர்கள் 'கருக்கை'த் தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்று அடுக்கில் வைத்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் கிராஸ்வேர்ட் பரிசு வாங்கியது. சாமியார்மாரும் கன்னியர்களும் பலர் அதைக் கசப்பில் எழுதியது என்று ஒதுக்கினார்கள். என் வாசிப்பில் அது ஒரு பொதுநிலைப் பெண் திருச்சபைக்குக் கொடுத்த மனு. ஆனால் மனுவுக்குரிய பணிவு அதில் கிடையாது. கான்வெண்டில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு, தலித்துகளுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லாத வாழ்க்கை. இதையெல்லாம் எழுவாயோடு எழுதினார். கல்லறைத் தகராறில் போலீஸ் தெருவுக்குள் புகுந்து ஆம்பளைகளை அடித்ததையும், பொம்பளைகள் தெருவைக் காப்பாற்றினதையும் அந்தப் பொம்பளைகளின் பேச்சிலேயே எழுதினார். யாரும் திருத்தி எழுத முடியாதபடி எழுதினதுதான் அந்த நடையின் அரசியல்.

'கருக்கு' மேல் ஒரு குறை சொல்வார்கள்: ஊரைச் சொல்லும்போது பேச்சு உயிரோடிருக்கிறது, கடவுளையும் வாழ்க்கையையும் சொல்ல வரும்போது பிரசங்கமாகிவிடுகிறது என்று. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது மாற்றிக்கொள்கிறேன். திருப்பலியில் மறையுரை வைக்கிற உரிமை சாமியார்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் மட்டுமே என்பது திருச்சபைச் சட்டம். அதாவது ஆம்பளைகளுக்கு மட்டும். பீடத்தில் ஏறிப் பேச முடியாத ஒரு பறைச்சி, புத்தகத்தில் ஏறிப் பேசினார். அது பிரசங்கமாக இருக்கிறது என்றால், இருக்கட்டுமே! அதைக் கேட்க நமக்குப் பழக்கமில்லை என்பதே விஷயம்.

பாமா ஏழு வருஷம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) சிலுவை வேறொரு கதவு வழியாக வெளியேறுகிறான். வேலைக்காக மதம் மாறி இந்துவாகிறான். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்ல உடம்பில் கொஞ்சம் கூச்சம் வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் திறக்கவில்லை. திறக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொல்லியும் நடக்கவில்லை. கோயிலுக்குள் பறையன், தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்டவன். அரசாங்கத்திடம் எங்கள் மக்களும் தலித்துகள்தான் என்று வாதாடுகிற திருச்சபை, அதே மக்களின் தெருவுக்குள் சப்பரத்தைக் கொண்டுவரத் தயங்குகிறது. இந்த ரெட்டை நாக்கைக் காட்டியது நாவல்தான். எந்த ஆவணமும் காட்டவில்லை.

கருத்துக் கேட்பு முடிந்த பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர் டவுனில் மாதம் ஒருமுறை, இரண்டாம் பூசை முடிந்ததும் கூடினோம். பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர், ரிட்டையர் ஆன ஒரு டீச்சர், நர்சிங் படிக்கிற பிள்ளைகள் என்று சேர்ந்து இந்தப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்தோம். மூன்றாவது கூட்டத்தில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). பறையர்களுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம், கத்தோலிக்க வண்ணாத்தி. ராச்சோறு எடுக்க வீடு வீடாய்ப் போகிறவள். அவள் நிற்பது மேல்சாதிக்காரன் வாசலில் அல்ல, நம்ம வாசலில். இது தலித்துகளைக் காட்டிக்கொடுக்கிற நாவல் என்று அந்நாளில் பெரிய சண்டை நடந்தது. ராஜ் கௌதமனே கடுமையாக எழுதினார். எங்கள் கூட்டத்திலும் ஒருத்தர், "இத இப்ப எதுக்குக் கிளப்பணும்?" என்றார்.

கோயில் கூட்டுகிற அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அருந்ததியர். அவருடைய அப்பா திண்டுக்கல் தோல் ஷாப்பில் காலம் பூராவும் வேலை பார்த்தவர். "மூணு மாசமா கூடுறீக. எங்க ஆளுக ஒருத்தரு வர்ல. ஏன்னு யாராச்சும் கேட்டீகளா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. 2009இல் தமிழகத்தில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய அருந்ததியருக்கு அதுவும் இல்லை. எங்கள் மனுக்களில் அந்த வரியே இல்லை. அங்கேயும் நாங்கள் 'அனைத்துப் பகுதி மக்கள்' என்றுதான் எழுதியிருந்தோம். கருக்குக்கு இரண்டு பக்கமும் பல் உண்டு என்பதை மேடையில் எத்தனையோ தடவை சொன்னவர்கள் நாங்கள். மறுபக்கம் கையில் பட்டது அன்றைக்குத்தான்.

அதுக்கப்புறம் ஒரு காகிதம் தயார் பண்ணினோம். அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதினோம். அந்த அக்கா சொன்னதையும் அப்படியே எழுதினோம். அது எங்கள் மேலேயே வைத்த குற்றச்சாட்டு. கொண்டுபோய்க் கொடுத்தபோது வந்த பதில்: "விஷயம் சரிதான். மொழிய மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொண்டாங்க." சரி பண்ணவில்லை. திரும்பக் கொண்டுபோய் அதே காகிதத்தைக் கொடுத்தோம்.

ஆயர் மாமன்றம் 2024 அக்டோபரில் தன் இறுதி ஆவணத்தை வெளியிட்டு முடிந்தது. அதில் அப்பத்தாவின் சப்பரம் இல்லை. இருக்க வழியே இல்லை, முதல் படியிலேயே நான் அதை அழித்துவிட்டேன். கேட்கிற திருச்சபை வேண்டும் என்று கோஷம் போடுகிற தோழர்களுக்கு, குறிப்பாகக் கையில் பேனா பிடித்த படித்த தலித்துகளுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். நம்ம ஜனம் பேசுவதைத் திருத்தாமல் எழுதுங்கள். எழுவாயை விட்டுவிடாதீர்கள். நம்மைக் குத்துகிற வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்பத்தா போன வருஷம் தவறிவிட்டார். "நாஞ் சொன்னத எழுதிட்டியாப்பா?" என்று கேட்டவருக்கு உண்மையான பதிலை நான் நேரில் சொல்லவில்லை. சப்பரம் இன்னும் தெரு முக்கோடு திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.