சூலைக்குப் பின் நாவுக்கரசர்: அதிகை முதல் காளத்தி வரை

நாவுக்கரசரின் சூலை, சைவ இலக்கிய வரலாற்றில் பெரும்பாலும் ஒரு திருப்புமுனையாகவே பேசப்படுகிறது. சமணத்தினின்று சைவத்திற்கு அவரை மீட்டு வந்த கருவி என்ற அளவில் நோய்க்கு இடம் தரப்படுகிறது. நோயாளிக்கு அவ்விடம் தரப்படுவதில்லை. உயிரை வாங்கும் துன்பத்தினின்று தப்பிய ஒருவர் அதன்பின் பல்லாண்டுகள் எவ்வாறு வாழ்ந்தார், தம் உடலை எவ்வாறு நோக்கினார் என்னும் வினாவுக்குத் தேவாரம் விடை பகர்கிறது. சேக்கிழார் கதையில் நோய் ஒரு நொடியில் நீங்குகிறது. பதிகங்களில் அது நீங்கக் காலம் எடுத்துக்கொள்கிறது. இவ்வேறுபாடு போதிய அளவு நோக்கப்படவில்லை.

7-ஆம் நூற்றாண்டினராகிய நாவுக்கரசரின் வாழ்வை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 429 பாடல்களில் பாடினார். திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்தவர், பாடலிபுத்திரத்தில் (இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்) தருமசேனராக விளங்கியபோது சூலை பற்றுகிறது. வடவைத் தீயும் நஞ்சும் வச்சிரமும் ஒன்று கூடினாற்போன்ற கொடுமை என்று புராணம் அதனை வருணிக்கிறது. மந்திரித்த குண்டிகை நீரும் பீலியும் பயன்படவில்லை. சமையற்காரரைத் தமக்கையாரிடம் விடுக்கிறார். திலகவதியார் அமண்பள்ளிக்கு வர மறுக்கிறார். பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்புடைவை மெய்போர்த்து, கைகொடுப்பாரை ஊன்றிக்கொண்டு இரவில் ஒருவரும் அறியாமல் திருவதிகைக்குச் செல்கிறார். ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவு அது. சமயப் பூசலை எழுதவந்த புலவர், துணையின்றி நடக்க இயலாத ஒரு நோயாளியையும் மறவாது எழுதியிருப்பது இவ்விடத்தின் சிறப்பாகும்.

சூலை என்பது இன்றைய மருத்துவத்தில் எந்நோய் என அறுதியிட முயல்வோர் உளர். சித்த மருத்துவத்திலேயே அது பலவகை வலிகளுக்குரிய பொதுப்பெயராக வழங்குவதால் இம்முயற்சியால் விளையும் பயன் சிறிது. பாடல் தரும் செய்திகளே போதுமானவை: வலி வயிற்றினுள் குடரோடு பிணைந்து முடக்குகிறது, இரவும் பகலும் விடவில்லை, பறித்துப் புரட்டி அறுத்து இழுக்கிறது.

அதிகைப் பதிகம்

நான்காம் திருமுறையின் முதலாவதாக நிற்கும் அதிகை வீரட்டானத்துப் பதிகத்தை நோய்தீர்ந்த பதிகம் என்று கூறுவது மரபு. பதிகத்தினுள்ளே நோய் தீர்ந்ததாக ஒரு சொல்லும் இல்லை. வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தும் படும் வேதனையை விலக்கியருள்க என்னும் விண்ணப்பம் இறுதிப் பாட்டிலும் உள்ளது. இராவணனை மலைக்கீழ் அடர்த்துப் பின் அவனுக்கு அருளியதை நினைவூட்டியே அவ்விண்ணப்பம் வைக்கப்படுகிறது. தீர்வு சேக்கிழார் பாட்டில் உள்ளது. நாவுக்கரசர் பாட்டில் உள்ளது வலி மட்டுமே. வலியின் உள்ளிருந்து பாடப்பட்ட பதிகம் என்று இதனைப் படித்தாலன்றி இதன் சில முரண்கள் விளங்கா.

மலரும் நீரும் தூபமும் தாம் மறந்ததில்லை, தமிழோடு இசை பாடலும் மறந்ததில்லை என்கிறார். நெடுங்காலம் அமண்பள்ளியில் இருந்தவர் இதனைக் கூறுவது எங்ஙனம்? மனைவாழ்க்கையில் மகிழ்ந்ததாகவும் கூறுகிறார். துறவியாகிய தருமசேனருக்கு இது பொருந்துமா? இளமை வாழ்வைக் குறித்தது என்று அமைதி கூறுவோர் உளர். அதற்கும் இடமுண்டு. ஆயினும் பதிகத்தின் போக்கு வேறொன்றைக் காட்டுகிறது. கொடுமை பல செய்தேனோ, அறியேன் என்கிறார். அறியாமையால் நேர்ந்தது என்கிறார். ஆட்பட்ட பின்னும் சுடுகிறதே என்கிறார். அடைந்தார் வினை தீர்ப்பது தலையாயவர்க்குக் கடன் அன்றோ என்று வழக்குரைக்கிறார். ஒரு வாதம் மற்றொன்றோடு இசைய வேண்டும் என்னும் கவலை இங்கு இல்லை. கைக்கெட்டிய வாதங்களை எல்லாம் ஒருசேர எடுத்து வைக்கும் நோயாளியின் பேச்சு இது. வரலாற்று ஆவணமாக மட்டும் இப்பதிகத்தைப் பயன்படுத்துவோர் இதனை மறத்தல் ஆகாது.

‘கடன்’ என்ற சொல் பின்னரும் தொடர்கிறது. கடம்பூர்க் கரக்கோயிற் பதிகத்தில் அடியவனைத் தாங்குதல் இறைவன் கடன் என்பதனோடு, பணிசெய்து கிடத்தல் தம் கடன் என்பதும் சேர்கிறது. அதிகையில் கடன் ஒருபாற்பட்டது, கடம்பூரில் இருபாற்பட்டது. இடையில் உழவாரம் கைக்கு வந்துவிட்டது. எழுந்து நிற்க இயலாதிருந்த உடல், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உடலாகிறது. நாவுக்கரசரின் தொண்டினைப் பணிவின் அடையாளமாக மட்டும் காண்பது குறைபாடுடையது. அது தேறிவரும் உடல் தனக்குத் தேடிக்கொண்ட தொழிலும் ஆகும்.

மீளும் அச்சம்

பல்லவன் அழைப்பை மறுத்துப் பாடியதாகச் சேக்கிழார் கூறும் மறுமாற்றத் திருத்தாண்டகத்தில், யார்க்கும் குடியல்லாத தமக்குப் பிணி என்பது தெரியாது என்கிறார். சூலையில் புரண்டவர் வாய்ச்சொல் இது. நீற்றறையில் ஏழுநாள் இருந்தபோது பாடியதாக வழங்கும் பதிகத்தில் வீணையும் மாலைமதியும் இளந்தென்றலும் நினைவில் எழுகின்றன. நோய் முற்றும் கடந்த ஒருவரைக் கண்டதாகவே இவ்விடங்களில் தோன்றுகிறது.

புராண வரிசைப்படி இவற்றுக்குப் பின்னர் வருவது பெண்ணாகடத்துத் தூங்கானைமாடம். ஆங்கே தம் மேனிமீது மூவிலைச் சூலப்பொறி இடுமாறு வேண்டுகிறார். சமணத் தொடர்பால் மாசுற்ற உடலோடு வாழ மனமின்றி வேண்டினார் என்பது சேக்கிழார் தரும் காரணம். பதிகம் பிறிதொன்றும் கூறுகிறது. அரும்பிணியினின்று காவாதொழிந்தால் பழி இறைவன்மேல் வரும் என்று அஞ்சி எச்சரிக்கும் குரல் அங்கே கேட்கிறது. பிணி அறியோம் என்றவர்க்கு மீண்டும் பிணி பற்றிய நினைவு! இதனை முரண் என்பதினும், கொடுநோயினின்று எழுந்தவர் எவர்க்கும் இயல்பான நிலை என்பதே பொருந்தும். துணிவு ஒருநாள் உண்டு. மறுநாள் அச்சம் உண்டு. சூலை வருத்திய உடலில் சூலத்தை முத்திரையாகக் கேட்பதில் உள்ள சொல்லொற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் வலித்த இடத்திற்கே காவலை வேண்டும் மனநிலை அதில் புலனாகிறது.

ஏயர்கோன் கலிக்காமர் வரலாற்றிலும் சூலை வருகிறது. சுந்தரர் வந்து தீர்ப்பதினும் சாதலே நன்று எனத் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டவர் அவர். ஒரே நோயை வைத்துச் சேக்கிழார் இருவேறு மனிதர்களைப் படைத்துக் காட்டுகிறார்.

காளத்தி

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 36 கி.மீ. தொலைவில், பொன்முகலியாற்றங்கரையில் அமைந்தது திருக்காளத்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்ப் பாடல்பெற்ற தொண்டைநாட்டின் வட எல்லைத் தலம் இதுவாகும். சம்பந்தரும் சுந்தரரும் இங்கிருந்தவாறே வடபுலத் தலங்களைப் பாடித் திரும்பினர் எனச் சேக்கிழார் கூறுகிறார். மூவருள் இவ்வெல்லையைக் கடந்து கால்நடையாக மேற்சென்றவர் ஒருவரே. அவர் முன்பு கைகொடுப்பாரை ஊன்றி நடந்த நோயாளி, அப்பொழுது முதியவர்.

காளத்தி நோய்தீர்த்தல் பற்றிய மற்றொரு கதையின் நிலம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கண்ணப்பர் புராணத்தில் குருதி சோர்வது இறைவன் கண்ணில். திண்ணனார் முதலில் காட்டுப் பச்சிலைகளைத் தேடிப் பிழிந்து பார்க்கிறார், குருதி நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என முன்பு கேட்ட மொழி பின்னரே நினைவில் எழுகிறது. அதிகையில் இறைவன் மருத்துவன், அடியவர் நோயாளி. காளத்தியில் இவ்வுறவு தலைகீழாகிறது. மலைமேல் இறைவனை வணங்கிய நாவுக்கரசர், அருகே வில்லேந்தி நிற்கும் கண்ணப்பர் திருவடியையும் இறைஞ்சிக் கண்ணீர் மார்பில் அருவியாக இழிய நின்றார் என்கிறது புராணம். அவர் பாடிய காளத்தித் திருத்தாண்டகம், காளத்தியான் தம் கண்ணினுள் உறைவதாகப் பாடல்தோறும் முடிகிறது. கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தவரின் ஊரில் இம்முடிபு பெறும் பொருட்செறிவு வேறெவ்வூரிலும் பெறாது.

அம்மலையில் திருப்பணி செய்து தங்கியபோதுதான் வடகயிலை காணும் வேட்கை எழுகிறது. திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, மாளவம், காசி எனச் செல்லும் வழியின் முடிவில் பாதம் பரடளவு தேய்கிறது, கைகள் மணிக்கட்டளவு சிதைகின்றன, மார்பின் தசை நைந்து என்பு முரிகிறது, புரண்டு செல்கிறார். வேதனையால் அதிகையில் புரண்டவர் வேட்கையால் இங்கே புரள்கிறார். முனிவர் வடிவில் வந்தவர் மீள்க என்றபோது, அழியும் இவ்வுடலைக் கொண்டு மீளேன் என்கிறார். தூங்கானைமாடத்தில் காவல் வேண்டிய அதே உடல் இது. அதனை இழக்கும் துணிவு வந்த பிறகே, எழுக என்னும் வானொலியும், ஊறு நீங்கி எழுதலும் நிகழ்கின்றன.

பின் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கரையில் நின்றோர் தம்மை ஆழ்ந்த கயத்துள் தள்ளிவிட, நிலைகொள்ளும் துறை அறியாது தவித்ததாக அதிகையில் பாடியிருந்தார். இப்பொழுது தாமே மூழ்குகிறார். ஐயாற்றுப் பதிகத்தில் தம் வருகையைக் காற்சுவடு படாத வருகை என்கிறார். தேய்ந்த கால்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. களிறும் பிடியும், கோழியும் பெடையும் இணையாக வரக் காண்கிறார். அதன்பின் பூம்புகலூரில் உழவாரம் செல்லும் இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தபோது, பருக்கைக் கல்லோடு வேறுபாடின்றி அவற்றையும் உழவாரத்தில் ஏந்தித் தாமரை வாவியில் எறிந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார்.