பூமரமான பெண்ணும் தியாகத்தைக் குறித்த நம் போதனையும்

ஏ. கே. இராமானுஜன் திரட்டிய கன்னட வாய்மொழிக் கதைகளுள் பூமரமான பெண்ணின் கதை தனிச்சிறப்புடையது. அவர் 1993இல் மறைந்தபின் 1997இல் வெளிவந்த தொகுப்பிற்கு இக்கதையின் பெயரே தலைப்பாயிற்று. 2006ஆம் ஆண்டு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் இதனை இசைநாடகமாக்கி வியன்னாவில் அரங்கேற்றினார். தியாகத்தைக் குறித்து நாம் செய்யும் பிரசங்கங்களைச் சோதிக்க வல்லது இக்கதை என்பது நம் கருத்து.

கதை எளியது. ஏழைத் தாயின் பாரத்தைக் குறைக்க விரும்பிய இளைய மகள், தான் பூமரமாகும் இரகசியத்தை அக்காளிடம் கூறுகிறாள். நகம் படாது முகந்த நீரில் ஒரு குடத்தை அக்காள் வார்க்க, தங்கை மரமாகிறாள். தண்டும் தளிரும் நோகாமல் பூப்பறித்து மறு குடத்தை வார்க்க, மீண்டும் பெண்ணாகிறாள். பின்னர் அரசகுமாரன் அவளை மணக்கிறான். தன் இன்பத்துக்காக அவளை மரமாகும்படி வற்புறுத்துகிறான். அவனுடைய தங்கையும் தன் தோழியர்முன் அதனைக் காட்டும்படி கட்டாயப்படுத்துகிறாள். அப்பெண்கள் கிளைகளை முறித்து, இரண்டாம் குடத்தை ஏனோதானோவென்று கொட்டிவிட்டு ஓடிவிடுகின்றனர். கையும் காலும் இழந்த உருவாய் அவள் சாக்கடையில் கிடக்கிறாள்.

ஈண்டு நாம் கவனிக்க வேண்டுவது யாது? அவளுடைய ஆற்றல் மூன்று இடங்களிலும் ஒன்றே. மாறுபடுவது அவளைச் சூழ்ந்தோரின் மனமே. அக்காள் அருகிருந்தபோது அவள் தன்னை மனமுவந்து கொடுத்தாள். மற்றவர்முன் அது அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. முன்னதைத் தியாகம் என்போம். பின்னதற்கும் அப்பெயரைச் சூட்டுதல் தகுமோ? தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுப்பதாக நம் ஆண்டவர் மொழிந்ததை (யோவான் 10:18) இங்கே நினைவுகூர்வோம். யெப்தாவின் மகளோ (நியாயாதிபதிகள் 11) தகப்பனின் பொருத்தனைக்குப் பலியானாள். அவளோடு மலைகளில் துக்கங்கொண்டாட உடன்சென்றவர்கள் அவளுடைய தோழிமாரே.

கதையிலும் சிதைந்தவளைப் பேணுவோர் பெண்களே. அரசகுமாரனுடைய மூத்த சகோதரியின் அரண்மனைப் பணிப்பெண்கள் அவளைக் கழுவி, காயத்துக்கு மருந்திடுகின்றனர். இறுதியில் கணவனும் முறிந்த கிளைகளைப் பொருத்தி நீர் வார்க்கிறான். அதாவது அக்காள் அன்று செய்த ஊழியத்தை அவனும் கற்றுக்கொள்கிறான். எனினும் கதையில் ஒரு குறை உண்டு. திருமணத்திற்குப் பின் அந்த அக்காள் மறக்கப்படுகிறாள். இசைநாடகத்தில் இக்குறை பெரிதாகிறது. நாயகி, அரசகுமாரன், கதைசொல்லி ஆகிய மூவருக்கே அதில் தனிக்குரல் உண்டு, அக்காளுக்கு இல்லை. மொத்சார்ட்டின் 'மந்திரக் குழல்' நாடகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால், இருவர் துன்பத்தின் வழியே தூய்மையுறும் காதற்கதையாக அது நிறைவுறுகிறது. இசையழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடம் ஏந்திய கை மறைந்தபின், பெண்ணின் வேதனையே அவளை உயர்த்திற்று என்ற தவறான பொருள் எளிதில் நுழைந்துவிடுகிறது.

1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக அருட்பணி மாநாடு, நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவு யாது என்று வினவியது. அவ்வினாவைச் சமய நூல்களோடு நிறுத்துதல் போதாது. அடுக்களையிலும் திண்ணையிலும் பெண்கள் சொல்லிவந்த கதைகளுக்கும் நாம் செவிகொடுத்தல் வேண்டும். அதே தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி வளாகம் அமைந்தது முதல், பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் வீட்டு வேலையும் சுமக்கும் பெண்கள் நம் சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நோக்கித் தியாகம் செய்யுங்கள் என்று பிரசங்கிப்பது எளிது. அதற்குமுன், அவர்களை மீட்டுத்தரும் இரண்டாம் குடத்தைச் சபையில் யார் ஏந்தி நிற்கிறார்கள் என்று கேட்பது போதகரின் கடமையாகும்.