முருங்கை மரத்துக் கேள்வி

பேய்க்கதையை வாசகர் கையில் சேர்க்கும் கலையை வேதாளத்திடம்தான் கற்க வேண்டும். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான். அதற்குள்ளிருக்கும் வேதாளம் கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மறுபடி மரமேறும். கேட்பவனைச் சும்மா இருக்கவிடாத கதை அது.

1947 ஜூலையில் பிறந்த அம்புலிமாமா இதழ் இதைப் பல பத்தாண்டுகள் மாதாமாதம் சொன்னது. அதற்கு ஓவியர் சங்கர் வரைந்த படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. சுற்றிலும் சுடுகாடு, தோளில் பிணம், கையில் வாள். அரசனின் நடையிலோ பதற்றமே இல்லை. பயத்தைச் சூழலில் வைத்துத் தைரியத்தை நடையில் வைத்த கை அது. மறைந்தபின், 2021இல், அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அமெரிக்க நூலகங்களில் அக்டோபர் வந்தால் திகில் நூல்களுக்குத் தனிக் காட்சி வைப்பார்கள். நம் ஊர்களில் அவை மற்ற நாவல்களோடு அலமாரியில் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்று 1931இலேயே விதி வகுத்தவர் நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன்.

அதற்கு வேதாளத்தின் வழியில், நூலக வாசலில் அட்டையால் ஒரு முருங்கை மரம் செய்யலாம். கிளைகளில் மடித்த சீட்டுகள்; வெளியே கேள்வி, உள்ளே நூலின் பெயர். 'வாசலில் வந்து நின்றவளை வீட்டோடு வைத்துக்கொண்டோமே, அவள் மனுஷிதானா?' பிரித்தால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 'பேயா, விஞ்ஞானமா?' சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. 'தண்டிப்பது கருப்பசாமியா, மனிதனா?' இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா'.

வாசகர் தம் விடையை எழுதிப் பெட்டியில் போடட்டும். படித்து முடித்தபின் இன்னொரு விடை எழுதட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எழுத்தாளரின் திறமை. 'காஞ்சனை'யைப் படித்தவரின் இரண்டாவது சீட்டில் இன்னொரு கேள்விதான் இருக்கும். விடையைத் தராமலே கதையை முடிக்கும் துணிச்சல் புதுமைப்பித்தனுக்கு இருந்தது.

நூலில் ஏறாத கதைகளும் உண்டு. கூனிமேடு என்ற கடலோர ஊரில் இருட்டைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். விடியுமுன் கடலுக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்களின் ஊர் அது. அவர்கள் பிள்ளைகளிடம் கேட்டால் எழுதிவைக்காத கதைகள் எத்தனையோ வரும். அவற்றுக்கும் ஒரு கிளை ஒதுக்குங்கள். அட்டையும் நூலும் பசையும் போதும். கிளை நூலகர்களே, ஊர்ப்புற நூலகர்களே, இந்த மரத்தை ஒருமுறை நட்டுப் பாருங்கள்.